அறைத்தோழனை இழந்த தம்பி: பல்கலைக்கழகத்திடம் நாங்கள் என்ன கேட்கலாம்?

சுங்கை சிப்புட் டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு நாங்கள் குடிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும், லயத்தில் அடுத்த கதவில் இருந்த குடும்பத்தோடு எங்கள் உறவு விட்டுப்போகவில்லை. அந்த வீட்டுப் பிள்ளையும் என் தம்பியும் முதலாம் ஆண்டிலிருந்தே ஒரே வகுப்பு. எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்து இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது தோட்டத்துக் கோவிலில் இரண்டு பேர் பெயருக்கும் சேர்த்து ஒரே அர்ச்சனைதான் செய்தார்கள். விடுதியிலும் ஒரே அறை. செமஸ்டரின் நடுவில், இன்றைக்கு மூன்று வாரங்களுக்கு முன், அந்தப் பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

என் தம்பி அன்று வந்தவன்தான். பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்தும் திரும்பிப் போகவில்லை. பகலில் தூங்குகிறான், இரவெல்லாம் கைப்பேசியில் அவர்கள் இருவரின் பழைய உரையாடலை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசியாக நண்பன் அனுப்பிய செய்தி, "சாப்பிட்டியாடா" என்பதுதான். இவன் அதற்குப் பதில் போடவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து மலாய் மொழியில் ஓர் இரங்கல் சுற்றறிக்கை வந்தது. அதன் அடியில் ஆலோசனைப் பிரிவின் தொலைபேசி எண் இருந்தது. எச்.இ.பி. எனும் மாணவர் நல அலுவலகத்திலிருந்து ஒருமுறை அழைத்து "நலமா" என்று கேட்டார்கள், இவன் "ஓகே" என்றான், அத்தோடு சரி. அதற்குப் பிறகு வந்தவை வகுப்புக்கு வரவில்லை என்று கணினி தானாக அனுப்பிய இரண்டு எச்சரிக்கை மின்னஞ்சல்கள் மட்டுமே. இதற்கிடையில் மாணவர் சங்கத்துப் பிள்ளைகள், நண்பனின் பெரிய படத்தைப் பதாகையாக அடித்து மெழுகுவத்தி ஏந்தி ஓர் அஞ்சலி இரவு நடத்தலாமா என்று அவன் அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். அவர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். "நீ சொல்லும்மா, நான் என்ன சொல்ல" என்று என்னைக் கேட்கிறார்.

யாரையும் குற்றக் கூண்டில் ஏற்றும் எண்ணம் எனக்கில்லை. இப்படியொரு மரணத்துக்குப் பிறகு ஒரு பல்கலைக்கழகம் முறையாக என்ன செய்ய வேண்டும் என்பதும், அதில் எதை நாங்கள் உரிமையோடு கேட்கலாம் என்பதும் தெரிந்தால் போதும். தம்பியை அதே அறைக்கு அனுப்பலாமா, செமஸ்டரை ஒத்திவைப்பதா என்பதிலும் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு.

---

ஈப்போ ஓய்வாளர் எழுதியது:

டீச்சர், இருபது ஆண்டுகளுக்கு மேல் மாணவர் நல அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இத்தகைய மரணங்களை மூன்று முறை நேரில் கையாண்டிருக்கிறேன். முதல்முறை நாங்கள் செய்தது ஏறக்குறைய உங்கள் தம்பிக்கு நடந்ததேதான்: சுற்றறிக்கை, தொலைபேசி எண், ஓர் அழைப்பு. தெரியாமல் செய்தோம்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'போஸ்ட்வென்ஷன்' என்று பெயர். தற்கொலைக்குப் பின் எஞ்சியிருப்பவர்களைத் தாங்கிப் பிடிக்கும் பணி. அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் உருவாக்கிய சொல் அது. எஞ்சியவர்களைத் தாங்குவதே அடுத்த மரணத்தைத் தடுக்கும் வழி என்பது அவர் கருத்து. கல்லூரிகளுக்கென்றே ஒரு வழிகாட்டி அமெரிக்காவில் 2014-இல் வந்தது. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, சமாரிட்டன்ஸ், பாப்பிரஸ் ஆகிய தொண்டு அமைப்புகளோடு சேர்ந்து 2022 டிசம்பரில் ஒன்றை வெளியிட்டது. இவற்றைப் படித்தபோது, முதல்முறை நாங்கள் விட்டுவிட்டவை எவை என்று எனக்கு வரி வரியாகத் தெரிந்தது.

முதலில் செய்ய வேண்டியது, யார் யார் அருகில் இருந்தார்கள் என்று பெயர் பெயராக எழுதுவது. ஒரு தற்கொலையால் பாதிக்கப்படுவோர் ஆறு பேர் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். ஜூலி செரெல் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் கணக்கெடுத்தபோது, இறந்தவரை அறிந்திருந்து அந்த மரணத்தால் தொடப்படுவோர் ஏறத்தாழ 135 பேர் என்று தெரியவந்தது. அத்தனை பேருக்கும் சிகிச்சை வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த வட்டத்துக்குள் ஆபத்தில் இருப்பவர் யார் என்று பல்கலைக்கழகம்தான் தேடிப் போக வேண்டும். அறைத்தோழன், கடைசியாகச் செய்தி பரிமாறியவர், முதலில் பார்த்தவர், ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர், பழகிப் பிரிந்த காதலி, ஒரே அசைன்மென்ட் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் பட்டியலில் வர வேண்டும். விடுதி பாதுகாவலரையும், மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் துப்புரவு அம்மாவையும் எங்கள் பட்டியலில் நாங்கள் சேர்க்கவே இல்லை. அந்த மக்சிக் ஆறு மாதம் அந்த மாடிக்குப் போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உங்கள் தம்பி இரண்டு வகையில் அந்தப் பட்டியலின் உச்சியில் இருக்கிறான். அவனை அழைத்து "நலமா" என்று கேட்டால் "ஓகே" என்றுதான் வரும். நம் பையன்களிடம் அதைத் தவிர வேறு பதில் வந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஆள், பெயர் சொல்லி அறிமுகமான ஆள், வாரத்துக்கு ஒருமுறையாவது பேச வேண்டும். "செத்துவிடலாம் என்று உனக்கும் தோன்றுகிறதா" என்று நேராகக் கேட்கவும் வேண்டும். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் மூச்சு விட்டது போல இருக்கும். பல்கலைக்கழகம் கேட்கும்வரை காத்திராமல் இன்றிரவு நீங்களே கேளுங்கள். அவன் ஆம் என்றால் தனியாக விடாதீர்கள்; ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே அழைத்துப் போய்விடலாம். அந்த அளவுக்கு இல்லையென்றால் கிளினிக் கெசிஹத்தானில் (அரசுச் சுகாதார மருத்துவகத்தில்) ஒரு ரிங்கிட் பதிவிலேயே தொடங்கலாம். அங்கிருந்து நிபுணருக்கு எழுதிக் கொடுப்பார்கள். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் பிஃபிரண்டர்ஸ் தொண்டு அமைப்பு 03-76272929. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. "தஞ்சோங் ரம்புத்தானுக்கா கூட்டிப் போகிறீர்கள்" என்று, அங்குள்ள மனநல மருத்துவமனையை வைத்து ஊரில் யாராவது கிண்டல் செய்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த வட்டாரத்தில் அந்த ஒரு பேச்சு எத்தனை பேரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அறையைப் பற்றி. அதே அறைக்குத் திரும்புவதா என்பதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இரண்டு வழியும் அவனுக்குத் திறந்திருக்க வேண்டும். விடுதிக்காரர்கள் அவசரப்பட்டு அறையைக் காலிசெய்துவிடுவார்கள், அல்லது பூட்டிவைத்துவிட்டு மறந்துபோவார்கள். இரண்டும் தவறு. நண்பனின் பொருள்களைக் குடும்பத்தார் வந்து எடுக்கும் நாளில் ஒரு விடுதிப் பெலோ (விடுதி மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்பாளர்) கூடவே நிற்க வேண்டும். கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டிக் கொடுக்கக் கூடாது. சொல்லவே தேவையில்லாத விஷயம் என்று நினைப்பீர்கள். எங்கள் அலுவலகம் ஒருமுறை அப்படித்தான் கொடுத்தது.

வருகை எச்சரிக்கையைக் கணினி அனுப்புகிறது என்பது உண்மைதான். ஆனால் அதை நிறுத்த ஒரு மனிதர் இருக்கிறார். எச்.இ.பி.-க்கு மின்னஞ்சல் எழுதி, கல்விப் பிரிவுக்கும் துறைக்கும் அவர்களே தகவல் தரும்படி கேளுங்கள். துக்கத்தில் இருக்கும் பிள்ளை ஐந்து விரிவுரையாளரிடம் ஐந்து முறை தன் நண்பன் எப்படி இறந்தான் என்று விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

---

லூனாஸ் தங்கை எழுதியது:

அக்கா, என் அண்ணன் 2009-இல் இப்படித்தான் போனார். அவரும் அப்போது இறுதியாண்டு மாணவர். ஈப்போ ஐயா மாணவர்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டதால் நான் அம்மாக்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அண்ணன் இறந்து ஐந்தாம் வாரம் என் அம்மாவின் கைப்பேசிக்கு, கட்டணப் பாக்கியைச் செலுத்தாவிட்டால் தேர்வு எழுத அனுமதி இல்லை என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அம்மா அதை யாரிடமும் காட்டாமல், பால் மரம் சீவி வந்த காசிலிருந்து முந்நூறு ரிங்கிட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்விட்டார். கட்டிவிட்டால் அண்ணன் தேர்வு எழுதலாம் என்று அவர் நினைத்தாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. இறந்த மாணவரின் பெயரை ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் நீக்கும் வேலையை யார் செய்தார், எந்தத் தேதியில் செய்தார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நூலகம், கட்டணம், விடுதி, பட்டமளிப்பு விழா அழைப்பு என்று எல்லாம் தனித்தனிப் பட்டியல்கள். பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடன் இருந்தால், மாணவர் இறந்தபின் பாக்கியைத் தள்ளுபடி செய்ய விண்ணப்பிக்கலாம். அந்தப் பாரத்தைப் பல்கலைக்கழக அலுவலரே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் அந்த அம்மாவிடம் கொண்டுவரட்டும்.

மொழியையும் கேளுங்கள். ஒரு தமிழ்த் தாய்க்கு மலாயில் இரங்கல் கடிதம் அனுப்பினால், அதை வாசித்துச் சொல்ல அவர் இன்னொருவரைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நடந்ததைத் தன் வாயால் சொல்லித்தான் கடிதத்தை நீட்ட வேண்டும். அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் தமிழ் பேசும் அலுவலர் ஒருவர் இல்லாமல் போகமாட்டார்.

இன்னொன்று, சொல். எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகள் "மாரடைப்பு" என்றுதான் சொல்லி வந்தோம். தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே 'கொலை' உட்கார்ந்திருக்கிறது. சொல்லும்போதே அண்ணன் ஏதோ குற்றம் செய்துவிட்டுப் போனது போல நாக்கு தடுமாறும். போதாக்குறைக்குச் சட்டமும் அப்போது அப்படித்தான் பார்த்தது: முயன்று பிழைத்தவருக்குக் குற்றவியல் சட்டம் 309-ஆவது பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை. அந்தப் பிரிவை நீக்கும் மசோதாவை மக்களவை 2023 மே மாதம்தான் நிறைவேற்றியது. நீங்கள் "உயிரை மாய்த்துக்கொண்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே நானும் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். பல்கலைக்கழகம் எந்தச் சொல்லில் அறிவிக்கும் என்பதை அந்த அம்மா அப்பாவின் ஒப்புதலோடுதான் முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்கு விருப்பமில்லை என்றால் 'காலமானார்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் பொய்க்காரணம் எதையும் அவர்கள் சார்பில் சேர்க்கக் கூடாது. எங்கள் மாரடைப்பை அண்ணனின் நண்பர்கள் ஒருவரும் நம்பவில்லை. எங்களைப் பார்க்க வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

---

விரிவுரையாளர் ஒருவர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். இரண்டு இடங்களில் மட்டும் சற்று வேறுபடுகிறேன்.

அஞ்சலி இரவைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது வேண்டாம் என்பது என் கருத்து. மாணவர்களின் அன்பை நான் ஐயப்படவில்லை. அவர்கள் கூடியிருக்க இடம் வேண்டும், அது அவர்கள் உரிமையும்கூட. ஆனால் ஆளுயரப் பதாகை, மெழுகுவத்தி வெளிச்சம், கண்ணீரோடு பாட்டு, அதை நேரலையில் போடும் நூறு கைப்பேசிகள் என்று போனால், அதே கூட்டத்தில் ஓரமாக நின்று தன் உயிரின் மதிப்பை எடைபோட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு, உயிரோடு இருந்தபோது கிடைக்காத அன்பு இறந்தால் கிடைக்கும் என்ற பாடம்தான் எட்டும். தற்கொலை பரவக்கூடியது என்பது ஊகம் அல்ல. இளைஞரிடையே அது கூடுதல் என்பதும் நெடுநாளாக ஆராயப்பட்ட செய்தி. அதனால்தான் ஊடகங்களுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, முறையை விவரிக்காதே, பரபரப்பாக்காதே, ஒற்றைக் காரணத்தைச் சொல்லாதே, உதவி எண்ணைப் போடு என்று வற்புறுத்துகிறது. மாணவர் சங்கத்தின் பதாகையும் ஊடகம்தான்.

அதேவேளை, முற்றாகத் தடுத்துவிடுவதும் தவறு. என் கல்லூரியில் சில ஆண்டுகளுக்கு முன் நிர்வாகம் அஞ்சலியைத் தடை செய்து, அறைக் கதவில் ஒட்டிய குறிப்புத் தாள்களை அன்றிரவே கிழித்தது. அதற்கு முந்தைய ஆண்டு சாலை விபத்தில் இறந்த மாணவருக்கு மண்டபத்தில் நிகழ்ச்சி நடத்திய அதே நிர்வாகம். அந்த வேறுபாட்டை மாணவர்கள் மறக்கவில்லை. விபத்தில் இறந்தவருக்கு எதைச் செய்வோமோ அதை இவருக்கும் செய்வது, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை என்பதே அமெரிக்க வழிகாட்டிகள் சொல்லும் நியதி; அது எனக்குச் சரியாகப் படுகிறது. சிறு அறையில் நண்பர்கள் முப்பது பேர் கூடி, அவன் எப்படிச் சிரிப்பான், எந்தக் கடையில் ரொட்டி சானாய் வாங்கித் தருவான் என்று பேசட்டும். ஆலோசகர் ஒருவர் உடன் இருக்கட்டும். தாள்கள் ஒட்டப்பட்டிருந்தால், கருமக்கிரியை வரையிலோ குடும்பம் சொல்லும் ஒரு நாள் வரையிலோ விட்டுவைத்து, பிறகு எடுத்து அந்த அம்மாவிடமே கொடுக்கலாம்.

இரண்டாவது, நிர்வாகத்தின் தரப்பு. 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் ஆலோசகராகப் பணியாற்ற முடியும். பல வளாகங்களில் அவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கிறார்கள். எல்லா வேலையையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு, விரிவுரையாளர்களாகிய நாங்கள் மறுநாளே மூன்றாம் அத்தியாயத்தைத் தொடங்கிவிடுகிறோம். அந்த நாற்காலி காலியாக இருக்கும் வகுப்பில் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன சொல்வது என்று எங்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு தந்தால் போதும், யாரும் தருவதில்லை. அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. வருகைப் பதிவில் அவர் பெயரைத் தாண்டி அடுத்த பெயரை வாசித்தேன். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது.

---

ஈப்போ ஓய்வாளர் எழுதியது:

விரிவுரையாளர் சொன்னதை ஏற்கிறேன். பதாகை வேண்டாம். ஆனால் அந்தத் தாயைக்கொண்டு மறுக்க வைக்காதீர்கள், டீச்சர். அந்தப் பொறுப்பை எச்.இ.பி. எடுக்கட்டும், இல்லையென்றால் "அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார்" என்று அவர் மேல் ஒரு பேச்சு மிஞ்சும்.

செமஸ்டர் ஒத்திவைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் வைத்துக்கொண்டால் பத்திரம் என்று நமக்குத் தோன்றும். நண்பனை இழந்தவன், மீதி நண்பர்களையும் வகுப்பையும் ஒரே நேரத்தில் இழந்து, வீட்டிலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது எல்லாருக்கும் நல்லதல்ல. பாடங்களைக் குறைத்து எடுப்பது, தேர்வை மட்டும் தள்ளிவைப்பது, வார இறுதியில் வீட்டுக்கு வந்து போவது என்று நடுவழிகள் உண்டு. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகு, நாட்காட்டி. மூன்று மாதத்தில் எல்லாரும் மறந்திருப்பார்கள். அவனுக்கு அப்போதுதான் உறைக்கத் தொடங்கும். நண்பனின் பிறந்தநாள், தீபாவளி விடுமுறை, இறுதித் தேர்வு, முதல் திதி, இருவரும் சேர்ந்து அங்கி அணிந்திருக்க வேண்டிய பட்டமளிப்பு நாள் ஆகிய தேதிகளை இப்போதே எழுதி அந்த அலுவலரிடம் கொடுத்து, அந்த வாரங்களில் அழைக்கச் சொல்லுங்கள். நாங்கள் மூன்றாம் முறை செய்ததில் உருப்படியாக அமைந்தது அது ஒன்றுதான்.

---

சுங்கை சிப்புட் டீச்சர் எழுதியது:

ஐயா, தங்கை, விரிவுரையாளர் அவர்களே, மூவருக்கும் நன்றி.

அன்றிரவே கேட்டேன். சமையலறையில் மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். பார்த்துக்கொண்டே கேட்கத் துணிவு வரவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, சாக வேண்டும் என்றில்லை அக்கா, காலையில் எழ வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது என்றான். அந்தச் செய்திக்குப் பதில் போட்டிருந்தால் அவன் இருந்திருப்பானா என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன்; ஒரு செய்தியால் நின்றுவிடக்கூடியதாக அது இருந்திருக்காது என்று நினைக்கிறேன் என்றும் சொன்னேன். மறுநாள் கிளினிக்குக்கு வந்தான். மருத்துவர் ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், அடுத்த வாரம் தேதி. அதுவரை அவன் என் அறையில் பாய் போட்டுப் படுக்கிறான்.

எச்.இ.பி.-க்கு மலாயில் எழுதினேன். பட்டியல்களிலிருந்து பெயர் நீக்கம், வருகை எச்சரிக்கை நிறுத்தம், தமிழ் பேசும் ஒரே தொடர்பாளர், அறைப் பொருள்கள், சிறு அளவிலான அஞ்சலி, தேதிகளின் பட்டியல் எல்லாம் ஒரே கடிதத்தில். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஓர் அம்மையார் அழைத்து, "வணக்கம், நான் தமிழிலேயே பேசுகிறேன்" என்றார். எச்சரிக்கைகள் ரத்து செய்யப்பட்டுவிட்டன. அஞ்சலியைப் பற்றி மாணவர் சங்கத்திடம் தாமே பேசுவதாகச் சொன்னார். கட்டணப் பிரிவு இன்னும் பதில் தரவில்லை. அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார்.

வியாழக்கிழமை அவரே பொருள்களை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வருகிறார். பெட்டிகளில் வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். கட்டும்போது தானும் உடன் இருக்க வேண்டும் என்கிறான் தம்பி. அதனால் புதன்கிழமை காலைப் பேருந்தில் அவனோடு நானும் போகிறேன். பள்ளியில் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.